இத்தாலியன் கிரேஹவுண்ட் உங்கள் வீட்டுக்குச் சரிவருமா?

இத்தாலியன் கிரேஹவுண்ட் வளர்க்க ஆசையாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "உங்க வீட்டு சோஃபா எவ்வளவு உயரம்?" என்றுதான். அடுத்த கேள்வி, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள். என்ன நிறம், ஆணா பெண்ணா, குட்டி எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் அதற்கப்புறம். இந்த நாய் பிடிக்குமா என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. பார்த்த எல்லோருக்கும் பிடித்துவிடும். நம் வீடும் நம் அன்றாட வாழ்க்கையும் அதற்கு ஒத்துவருமா என்பதைத்தான் குட்டியைக் கையில் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். பல வருடமாக இந்த இனத்தோடு ஒரே கூரையின் கீழ் இருப்பவள் என்ற முறையில், அந்த முடிவுக்கு உதவக்கூடியதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பவள் பெயர் துளி. நாலரை கிலோதான் இருப்பாள். இந்த இனத்துக்கான சர்வதேச அளவுகோலின்படி தோள்பட்டை உயரம் 32 முதல் 38 சென்டிமீட்டர், எடை அதிகபட்சம் 5 கிலோ. அமெரிக்கன் கென்னல் கிளப் இதை 'டாய்' வகையில், அதாவது சின்ன மடிநாய்களோடு வைத்திருக்கிறது. எஃப்.சி.ஐ. என்கிற சர்வதேச அமைப்போ சலூக்கி, ஆப்கன் ஹவுண்ட் எல்லாம் இருக்கிற 10ஆவது பிரிவில், அதாவது கண்ணால் பார்த்துத் துரத்தும் சைட்ஹவுண்டுகளோடு சேர்த்திருக்கிறது. இரண்டுமே சரிதான். இந்த இரண்டும் ஒரே உடம்பில் இருப்பதுதான் நீங்கள் யோசிக்க வேண்டிய விஷயம். மடியில் சுருண்டு படுக்கும் அளவுதான், ஆனால் மணிக்கு 40 கிலோமீட்டர் வரை ஓடும். முழு வேகத்தில் பாயும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும். அத்தனை வேகமும் வந்து இறங்குவது பென்சில் பருமனில் இருக்கிற முன்னங்கால் எலும்பின் மேல்.

அதனால் காலைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

இந்த இனத்தில் முறிவது பெரும்பாலும் முன்னங்காலில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே இருக்கும் ரேடியஸ், அல்னா என்ற இரண்டு எலும்புகள். குட்டிப் பருவத்திலும் முதல் இரண்டு வயதுக்குள்ளும்தான் ஆபத்து அதிகம். எலும்பு இன்னும் வளர்ந்து முடியாத வயது, பயம் என்பதே தெரியாத வயதும் அதுதான். சிறிய இன நாய்களுக்கு அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைவு, சுற்றிலும் சதைப்பிடிப்பும் கிடையாது. வெறும் கட்டுப் போட்டு விட்டுவிட்டால் எலும்பு கூடாமலே போக வாய்ப்பு உண்டு. ஆகவே பெரும்பாலும் பிளேட், அதாவது உலோகத் தகடு வைத்து அறுவை சிகிச்சை செய்யத்தான் சொல்வார்கள்.

என் தோழி வீட்டுக் குட்டிக்கு ஏழு மாதம் இருக்கும்போது அது நடந்தது. அவள் அதைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். வாசலில் யாரோ வந்த சத்தம் கேட்டதும் ஆர்வத்தில் கையிலிருந்து துள்ளிவிட்டது. இடுப்பு உயரம்தான். ஒரு வீறிடல், பிறகு எழுந்து மூன்று காலில் நின்றது. வலது முன்னங்காலின் பாதம் மட்டும் தன் போக்கில் தொங்கியது. அறுவை சிகிச்சை, பிறகு ஆறேழு வாரம் கூண்டு ஓய்வு. ஓடுவதற்கென்றே பிறந்த ஒரு குட்டியை நடக்கவும் விடாமல் வைத்திருப்பது எப்படிப்பட்ட வேலை என்பதை அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால்தான் தெரியும். சிறுநீர் கழிக்கக்கூடத் தூக்கிக்கொண்டு போய், பெல்ட்டைப் பிடித்துக்கொண்டே நின்று, தூக்கிக்கொண்டே வர வேண்டும். வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் லீவு போட்டார்கள். இப்போது அந்த நாய் நன்றாக ஓடுகிறது. அந்தச் சமயத்தில் அவர்களிடம் விடுப்பும் சேமிப்பும் இருந்தது. இரண்டில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் கதை வேறு.

எல்லா இத்தாலியன் கிரேஹவுண்டுக்கும் கால் முறியும் என்று நான் சொல்லவில்லை. துளிக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை. வம்சத்துக்கு வம்சம் எலும்பின் வலு மாறும். ஆனால் முறிந்தால் சமாளிக்க முடியுமா என்ற கேள்விக்கு மனதார ஆமாம் சொல்ல முடியாதவர்கள் வேறு இனத்தைப் பார்ப்பது நாய்க்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது.

துளி வருவதற்கு முன் என் கணவர் கட்டிலின் கால்களைக் கழற்றி மெத்தையைத் தரையோடு தாழ்த்தினார். சோஃபாவின் பக்கத்தில் சரிவுப் பலகை வைத்தோம். வழுக்கும் தரையில்தான் கால் விரிந்து விழும் என்பதால் அவள் ஓடும் வழியெல்லாம் ரப்பர் அடி போட்ட விரிப்பு. மாடிப்படிக்குச் சின்னக் கதவு. இதெல்லாம் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். கஷ்டம், வீட்டில் எல்லோருடைய பழக்கமும் மாறுவதில்தான். நின்றுகொண்டு யாரும் அவளைத் தூக்கிக் கொஞ்சக் கூடாது. தூக்கினால் ஒரு கை நெஞ்சுக்கு அடியில், ஒரு கை பின்பாகத்துக்கு அடியில், உடம்போடு அணைத்து. இறக்கும்போது நாலு காலும் தரையில் பட்ட பிறகுதான் கையை எடுக்க வேண்டும். கதவை ஆட்டிவிட்டுப் போகக் கூடாது. போர்வை மேல் உட்காருவதற்கு முன் தடவிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இவர்கள் போர்வைக்குள் புகுந்துகொண்டு தட்டையாகப் படுத்துவிடுவார்கள், வெளியிலிருந்து பார்த்தால் சுருக்கம்கூடத் தெரியாது. என் அம்மா எங்களோடு தங்க வரும்போதெல்லாம் உட்காருமுன் "துளி, எங்கடி இருக்கே?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். அவருக்கு நாங்கள் சொல்லிக் கொடுக்கவே இல்லை, அவராகவே பழகிக்கொண்டார். அப்படிப் பழகிக்கொள்ளும் ஆட்கள் உங்கள் வீட்டில் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு இந்த நாயை நான் சிபாரிசு செய்வதில்லை. நாயின் குணம் காரணமல்ல, அது பரம சாது. நாலு வயதுக் குழந்தைக்கு அன்பு வந்தால் தூக்கும், தூக்கினால் எப்போது விடும் என்று சொல்ல முடியாது. பெரிய நாய் இருக்கும் வீட்டிலும் இதே பிரச்சினைதான். விளையாட்டாக ஒரு கால் வைத்தாலே போதும்.

அடுத்தது ஓட்டம். துளி வீட்டுக்குள் கூப்பிட்டால் வருவாள், பூங்காவில் கூப்பிட்டாலும் வருவாள். தூரத்தில் ஒரு அணில் அசைந்தால் வரமாட்டாள். அந்த நேரத்தில் அவள் காதில் எதுவும் விழுவதில்லை, உடம்பு முழுக்கக் கண்ணாகிவிடும். பயிற்சியில் குறை இருப்பதாக நினைத்து அடிப்பதோ கத்துவதோ கொடுமை. கண்ணில் பட்டதைத் துரத்தும் சைட்ஹவுண்ட் வம்சத்தில் வந்த இனம் அது. ஆகவே வேலி போடாத இடத்தில் கயிறில்லாமல் விடவே கூடாது, எத்தனை வருடம் பழகியிருந்தாலும் சரி. "எங்க நாய் விட்டா எங்கேயும் போகாது" என்று சொல்லிப் பெருமைப்பட விரும்புகிறவருக்கு இந்த இனம் ஒத்துவராது.

கழுத்துப்பட்டை விஷயத்தையும் கவனியுங்கள். இவற்றின் தலை குறுகலானது, கழுத்து நீளமானது. சாதாரணப் பட்டை போட்டால், நாய் பயந்து பின்வாங்கும்போது தலையைத் தாழ்த்தி, காதுகளைப் பின்னால் ஒட்டிக்கொண்டு, ஒரே உருவலில் வெளியே வந்துவிடும். கையில் கயிறும் வெறும் பட்டையும் மிஞ்சும். இழுத்தால் அளவாக இறுகி, விட்டால் தளரும் மார்ட்டிங்கேல் பட்டை, அகலமானதாக, அல்லது உடம்புக்குச் சரியாகத் தைத்த ஹார்னெஸ் (மார்பைச் சுற்றிப் போடும் பட்டை) வேண்டும். நீளமாக இழுபடும் தானியங்கிக் கயிறு வேண்டாம். முழு வேகத்தில் ஓடிக் கயிறு முடியும் இடத்தில் கழுத்தில் விழும் வெட்டு சாதாரணமானதல்ல.

நடை அதிகம் தேவைப்படும் என்று பயப்படாதீர்கள். தினமும் நிதானமான நடையும், வேலியிட்ட இடத்தில் வாரத்தில் சில தடவை மனம்போல ஓட்டமும் போதும். மற்ற நேரம் தூக்கம்தான். குளிர் தாங்காது, கொழுப்பே இல்லாத உடம்பு, மெல்லிய தோல், அதன் மேல் ஒட்டினாற்போல ரோமம். குளிர் நாளில் ஸ்வெட்டர் போடுவது அலங்காரத்துக்கு அல்ல. தோல் எளிதில் கிழியும் என்பதால் முள்செடி, கம்பிமுனை எல்லாம் கண்ணில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, பலர் இந்த நாயைத் திருப்பிக் கொடுக்கக் காரணமாகும் விஷயம். கழிப்பிடப் பழக்கம். மற்ற இனத்துக் குட்டிகள் சில மாதங்களில் கற்றுக்கொள்வதை இவை ஒரு வருடம் இழுக்கும். பழகிய பிறகும் மழை பெய்தால் பழக்கம் போய்விடும். மழை நாளில் துளியை வாசலுக்குக் கூட்டிப்போனால் ஒரு முன்னங்காலை ஈரத்தரையில் வைப்பாள், உடனே எடுத்து மடக்கிக்கொள்வாள், என் முகத்தைப் பார்ப்பாள், திரும்பி உள்ளே போய்விடுவாள். பிடிவாதம் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அவளுக்கு அந்த ஈரம் உடம்பிலேயே வேதனை. கூரை போட்ட ஒரு மூலையைக் கழிப்பிடமாக ஆக்கியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மழைக்காகவே உள்ளே ஒரு தட்டில் விரிப்பு வைத்தது மீதியைத் தீர்த்தது. எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் நீங்களே கூட்டிப்போக வேண்டும், வெளியே கழித்ததும் பாராட்ட வேண்டும், வீட்டுக்குள் கழித்துவிட்டால் ஒரு வார்த்தை பேசாமல் துடைக்க வேண்டும். திட்டினால் இந்த இனம் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: நீங்கள் பார்க்காத இடத்தில் போவது. தரை விரிப்பில் ஒரு கறைகூடப் படக் கூடாது என்று நினைப்பவர்கள் தயவுசெய்து இதை யோசியுங்கள்.

தனிமை. பிரஷ்யாவின் மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் இந்த நாய்களை உயிராக வளர்த்தவர். போட்ஸ்டாமில் உள்ள சான்சூசி அரண்மனைத் தோட்டத்தின் மேல் படித்தளத்தில், தன் நாய்களின் கல்லறைக்குப் பக்கத்தில் தன்னைப் புதைக்க வேண்டும் என்று எழுதி வைத்தார். அவர் 1786இல் இறந்தார், ஆசை நிறைவேறியது 1991இல்தான். ஒரு மன்னர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது இவற்றோடு ஒரு மாதம் இருந்தால் புரியும். நீங்கள் எழுந்தால் எழும், குளியலறைக்குப் போனால் கதவுக்கு வெளியே படுக்கும், உட்கார்ந்தால் உங்கள் தொடைக்கும் கைக்கும் இடையில் உள்ள இடைவெளியில் நுழையும். பாசம் இவ்வளவு என்றால் பிரிவின் கஷ்டமும் அவ்வளவு. தினமும் ஒன்பது பத்து மணி நேரம் வீடு பூட்டிக் கிடக்குமென்றால் இந்த நாய் குரைக்கும், நகத்தால் கதவைப் பிராண்டும், சில சமயம் தன் காலையே நக்கிப் புண்ணாக்கும். குட்டியிலேயே தனிமையைச் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். முதலில் இரண்டு நிமிடம் அடுத்த அறையில், பிறகு ஐந்து, பிறகு வாசலுக்கு வெளியே. அது அழுவதற்கு முன்பே திரும்பி வந்துவிட வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். என்ன பழக்கினாலும் முழுநாள் தனிமை இவற்றுக்குப் பொருந்தாது என்பதுதான் என் எண்ணம். இரண்டு நாயாக வளர்த்தால் தீரும் என்கிறார்கள். ஓரளவு தீரும்தான், ஆனால் அவை சேர்ந்து சோஃபாவுக்கு சோஃபா தாவும்போது காலுக்கான ஆபத்தும் இரட்டிப்பாகும்.

பல். யாரும் முன்கூட்டிச் சொல்லாத செலவு இதுதான். குறுகிய நீளமான தாடையில் பற்கள் நெருங்கி இருக்கும், காரை சீக்கிரம் படியும், ஈறு நோய் சின்ன வயதிலேயே ஆரம்பிக்கும். நான் இரவில் அவளை மடியில் பக்கவாட்டாக வைத்துக்கொண்டு, உதட்டை விரலால் தூக்கி, நாய்களுக்கான பற்பசையால் கடைவாயின் வெளிப்பக்கத்தைத் தேய்க்கிறேன். முதல் சில வாரம் பிரஷ்ஷே கிடையாது, விரலில் பசையைத் தடவி நக்க விட்டேன், பிறகு ஈறில் தொட்டேன், அப்புறம்தான் பிரஷ். தினமும் தேய்த்தும் டாக்டரிடம் மயக்கம் கொடுத்துச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. இந்த இனத்தில் பல் எனாமல் சரியாக உருவாகாத பரம்பரைக் குறை ஒன்றும் உண்டு. பெற்றோர் இரண்டும் அந்த மரபணுவைச் சுமந்தால் குட்டிக்கு வரக்கூடும், டி.என்.ஏ. பரிசோதனையில் முன்கூட்டியே தெரிந்துவிடும். குட்டி விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு அவர் முகம் எப்படி மாறுகிறது என்பதிலேயே பாதி பதில் கிடைக்கும்.

மயக்க மருந்து என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். சைட்ஹவுண்ட் நாய்களுக்கு உடலில் கொழுப்பு மிகக் குறைவு, கல்லீரல் சில மருந்துகளை மெதுவாகத்தான் உடைக்கும். தயோபென்டல் போன்ற பார்பிட்யூரேட் வகை மருந்து கொடுத்தால் தெளிய வெகுநேரம் ஆகும். இப்போது பாதுகாப்பான மாற்று மருந்துகள் இருக்கின்றன. மயக்கத்தில் உடல்சூடும் வேகமாக இறங்கும், போர்த்தி வைக்க வேண்டும். தைராய்டு பரிசோதனையில் சைட்ஹவுண்டுகளுக்கு இயல்பான அளவே குறைவாக வருவதுண்டு, அதை நோயென்று எடுத்துக்கொண்டு மருந்து ஆரம்பித்துவிடக் கூடாது. இதெல்லாம் தெரிந்த டாக்டரா என்பதை நாய் வருவதற்கு முன்பே பேசிப் பார்த்துவிடுங்கள். கேள்வி கேட்டால் கோபப்படாத டாக்டர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

வலிப்பு, கண் விழித்திரை தேய்வது, முழங்கால் சில்லு நழுவுவது ஆகியவையும் இந்த இனத்தில் கேள்விப்படுபவை. நீலச் சாம்பல் நிறக் குட்டிகள் அழகாக இருக்கும், அந்த நிறத்தில் சிலவற்றுக்கு வளர்ந்த பிறகு முடி கொட்டிவிடும். நிறத்துக்கு அதிக விலை கேட்பவரை விட்டு விலகுவது நல்லது. குட்டியின் தாயை நேரில் பார்க்க வேண்டும், அது அந்நியரைக் கண்டு நடுங்கி ஒளிகிறதா, பக்கத்தில் வருகிறதா என்று கவனிக்க வேண்டும். இந்த வம்சத்தில் கால் முறிவு உண்டா, எந்த வயதில், எப்படி விழுந்து முறிந்தது என்று வெளிப்படையாகக் கேட்கலாம். கூச்சமே வேண்டாம்.

சுலபமான பக்கமும் உண்டு. வாடை கிடையாது, முடி உதிர்வதும் மிகக் குறைவு, ஈரத்துணியால் துடைத்தாலே பளபளக்கும். நகத்தை மட்டும் வாரம் ஒருமுறை தேய்க்க வேண்டும், நீண்ட நகம் விரலைச் சாய்த்து நடையையே கெடுக்கும். பொதுவாக 14, 15 வயது வரை இருக்கும். வளர்க்கலாமா என்று யோசிக்கும்போது அந்தப் பதினைந்து வருடத்தில் உங்கள் வேலை, வீடு, குழந்தை என்று என்னென்ன மாறக்கூடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

முடிவெடுக்க நான் சொல்லும் வழி ஒன்று உண்டு. நாய் ஏற்கெனவே வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு இரண்டு வாரம் வாழ்ந்து பாருங்கள். விடியற்காலை எழுந்து வெளியே போங்கள், மழையிலும். ஒவ்வொரு கதவையும் பின்னால் பார்த்து மூடுங்கள். சாயங்காலம் வெளியே தங்க நேர்ந்தால் வீட்டில் யார் இருப்பார் என்று அன்றைக்கே ஏற்பாடு செய்யுங்கள். வீட்டிலுள்ள எல்லோரும் செய்ய வேண்டும், ஆசைப்படுகிறவர் மட்டும் செய்தால் போதாது. என் அக்கா வீட்டில் இப்படிச் செய்து பார்த்தார்கள். பத்து நாளில் அக்காவே ஃபோன் செய்தாள். "எங்களுக்கு இது ஒத்துவராதுடி. சின்னவன் கதவையே மூடறதில்லை, அவர் வர்றதுக்கு ராத்திரி ஆகுது." அவர்கள் விப்பெட் என்ற, இதைவிடச் சற்றுப் பெரிய சைட்ஹவுண்ட் இனத்து நாயை எடுத்தார்கள். அதே உருவம், அதே சாதுத்தன்மை, பெண் நாய்க்கே 44 சென்டிமீட்டருக்கு மேல் உயரம், கால் எலும்பில் நல்ல வலு. சின்னவனுடைய ஓட்டத்துக்கு ஈடுகொடுக்கிறது. மாலைவரை இருக்க என் அம்மா அங்கே போய்விட்டார் என்பதால் தனிமைப் பிரச்சினையும் தீர்ந்தது.

இந்த இனம்தான் வேண்டும், ஆனால் குட்டிக்கால ஆபத்து பயமாக இருக்கிறது என்பவர்களுக்கு இரண்டு மூன்று வயது தாண்டிய நாயைத் தத்தெடுப்பதை மிகவும் வலியுறுத்திச் சொல்வேன். எலும்பு வளர்ந்து முடிந்திருக்கும், குணம் தெரிந்திருக்கும், கழிப்பிடப் பழக்கம் எந்த அளவு என்பதையும் முன்பு வளர்த்தவரிடமே கேட்டுவிடலாம். தனிமையை எவ்வளவு நேரம் தாங்கும் என்றும் கேளுங்கள், முடிந்தால் சில நாள் வீட்டில் வைத்துப் பாருங்கள். குட்டியோ வளர்ந்த நாயோ, அழைத்து வருவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலை பாக்கி இருக்கும். சிறிய நாய்களுக்கு எலும்பில் பிளேட் வைத்துப் பழகிய கால்நடை அறுவை மருத்துவர் பக்கத்தில் யார், ராத்திரியில் அழைத்தால் யார் எடுப்பார்கள் என்று விசாரித்து, அந்த எண்ணை வீட்டிலுள்ள ஒவ்வொருவருடைய ஃபோனிலும் பதிந்து வையுங்கள்.